டிவிக்கு ஒரு ஸ்டிக், பேச ஒரு மைக்: வாங்கும் முன் வீட்டைக் கேளுங்கள்

அக்கா சமையல் சேனல் தொடங்கியபோது முதலில் வாங்கியது ஒரு கண்டென்சர் மைக். கடையில் போட்டுக் காட்டியபோது குரல் கண்ணாடி மாதிரி இருந்ததாம். வீட்டில் பதிவு செய்து கேட்டால் மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் போன பழ வண்டி எல்லாம் தெளிவாகக் கேட்டன. அக்காவின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதே வீட்டுக் கூடத்தில் ஒரு 4கே ஸ்டிக் இருந்தது, டிவியில் செருகி இணையத்தில் படம் பார்க்கும் சாதனம். நள்ளிரவில் அருமையாக ஓடும், சாயங்காலம் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டு பொருளிலும் குறையில்லை. வீட்டைப் பார்க்காமல் வாங்கியதுதான் குறை.

எந்த மாடல் நல்லது என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பேன். ரௌட்டர் எங்கே இருக்கிறது? டிவி எத்தனை வருடப் பழசு? பேசும் அறையில் தரை என்ன? மின்விசிறியை நிறுத்த முடியுமா? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி மாடல்கள் தாமாகவே விலகிவிடும்.

முதல் வேலை: டிவியின் முதுகைப் பாருங்கள்

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். எத்தனை எச்டிஎம்ஐ துளைகள் இருக்கின்றன, அவற்றில் எதன் பக்கத்திலாவது ஏஆர்சி என்று எழுதியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் அந்த ஏஆர்சி துளை முக்கியம். டிவியிலிருந்து ஒலி வெளியே போகும் வழி அதுதான். அதில் ஸ்டிக்கைச் செருகிவிட்டால் அப்புறம் சவுண்ட்பாருக்கு இடமில்லை.

டிவி வெறும் எச்டியா, ஃபுல் எச்டியா, 4கேயா என்பதையும் பாருங்கள். 32 அங்குல எச்டி டிவிக்கு விலை கூடிய 4கே ஸ்டிக் வாங்குவது படத்துக்காக என்றால் வீண். வேகத்துக்காக என்றால் நியாயம் உண்டு, ஏனென்றால் விலை கூடிய ஸ்டிக்குகளில் பெரும்பாலும் நினைவகமும் கூடுதல். ஒரு ஜிபி ராம் உள்ளவை புதிதில் ஓடும், ஒரு வருடத்தில் முனகும். இரண்டு ஜிபிக்குக் கீழே வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

ஏற்கனவே ஸ்மார்ட் டிவி இருக்கிறதே, ஸ்டிக் எதற்கு? படம் நன்றாக இருந்து, மெனு மட்டும் ஆமை மாதிரி நகர்ந்தாலோ, செயலிகள் புதுப்பிக்கப்படுவது நின்றுவிட்டாலோ, டிவியை மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஸ்டிக் போதும். அந்த இரண்டு தொல்லையும் இல்லையென்றால் காசை மைக்குக்கு ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது: வைஃபையை டிவி இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள்

எல்லோரும் ரௌட்டர் பக்கத்தில் நின்று வேகம் பார்க்கிறார்கள். போனை டிவிக்குப் பின்னால், ஸ்டிக் தொங்கப்போகும் இடத்திலேயே வைத்து, இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அளந்து பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும். நூறு எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கும் வீட்டில் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர்களைத் தாண்டிய பிறகு அந்த நூறில் எட்டுதான் மிஞ்சும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ரௌட்டர் இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் அதில்தான் நெரிகின்றன. அடுக்குமாடியில் இது சாயங்காலமானால் திருவிழாக் கூட்டம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் வந்தால் தளர்ந்துவிடும். ரௌட்டரும் டிவியும் ஒரே கூடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5-இல் இணையுங்கள்.

ஸ்டிக்குடன் பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். டிவியின் உலோக முதுகோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக் அந்த வயரால் நாலு விரல்கடை வெளியே வந்தாலே சிக்னல் மேம்படுவது உண்டு. சூடும் குறையும். இதற்கும் மசியவில்லையென்றால் லான் கேபிள்தான். சுவரோரமாக ஒரு கேபிள் இழுப்பது பார்க்க அழகில்லை, ஆனால் ஒரு முறை இழுத்தால் அந்தத் தலைவலி அதோடு முடிந்தது.

மூன்றாவது: எந்த ஸ்டிக்

வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், ஆஹா, யூடியூப், பிரைம் என்று பட்டியல் போட்டு, வாங்கப்போகும் சாதனத்தில் அவை எல்லாமே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். போனில் இருக்கும் செயலி டிவியிலும் இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். நீங்கள் எடுத்திருக்கும் சந்தா டிவியில் பார்க்க அனுமதிக்கிறதா என்பதையும் பாருங்கள். மொபைல் மட்டும் என்ற மலிவுத் திட்டத்தை வைத்துக்கொண்டு ஸ்டிக் வாங்கினால் இரண்டாவது செலவு உடனே வந்து நிற்கும்.

அமேசானின் ஃபயர் டிவி, கூகுள் டிவி, ஆப்பிள் டிவி என்று மூன்று குடும்பங்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் டிவி கைக்கு எளிது. போனில் ஓடுவதை ஒரு தட்டில் டிவிக்கு அனுப்பலாம். ஃபயர் டிவியின் குரல் ரிமோட் அம்மாவுக்கு உடனே பழகிவிட்டது, ஆனால் முகப்பில் விளம்பரம் அதிகம். ஆப்பிள் டிவி விலை கூடியது, ஐபோன் குடும்பம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கணினி வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. சாதனத்தின் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து செயலிகளைத் தாமே ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் கவனம். 2025-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டை விட்டுவிட்டு வேகா என்ற அமேசானின் சொந்த இயங்குதளத்துக்கு மாறிவிட்டது. அந்த வித்தை அதில் நடக்காது.

பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "எல்லா சேனலும் இலவசம்" என்று விற்கப்படுபவற்றில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, படத்தைப் பூட்டிப் பாதுகாக்கும் வைட்வைன் உரிமத்தின் மேல்நிலை அவற்றில் பெரும்பாலும் இருக்காது. பெட்டியில் 8கே என்று அச்சடித்திருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலான 480பி தரத்தில்தான் ஓடும். இரண்டாவது அதைவிட மோசம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீநிரல் (மால்வேர்) ஏற்றப்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. அந்தப் பெட்டி உங்கள் வீட்டு இணைய இணைப்பை யாரோ ஒருவரின் திருட்டு வேலைக்கு வாடகைக்கு விட்டுவிடும். மிச்சம் பிடித்த காசு எந்தக் கணக்கில் சேரும்?

பழைய சாதனத்தை இரண்டாம் கையாக வாங்க நினைத்தால் அதற்கும் ஒரு கதை உண்டு. 2013-இல் 35 டாலருக்கு வந்து இந்தச் சந்தையையே புரட்டிப் போட்ட குரோம்காஸ்ட்டின் தயாரிப்பைக் கூகுள் 2024-இல் நிறுத்தியது. 2025 மார்ச்சில் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் படுத்துவிட்டன. காரணம், உள்ளே இருந்த பத்து வருடப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. சில நாளில் சரிசெய்தார்கள். ஆனால் இவை மிக்ஸி, கிரைண்டர் மாதிரி தானாகத் தேய்ந்து ஓயும் பொருள் அல்ல என்பதை மனதில் வையுங்கள். தயாரித்தவர் கைவிட்டால் நல்ல நிலையில் இருக்கும்போதே நின்றுபோகும்.

படத்தின் ஒளியையும் நிறத்தையும் மேம்படுத்தும் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் போன்றவை டிவியிலும் இருந்தால்தான் பயன். இல்லாத டிவிக்கு அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம்.

நான்காவது: செருகிய பிறகு அரை மணி நேரம்

ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து எழுகிறதா? டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்திருப்பீர்கள். பல டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு அது பற்றாது. கூட வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள்.

வசனம் முணுமுணுப்பாகவும் சண்டைக் காட்சி காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் சரவுண்டை விட்டு ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றிப் பாருங்கள். ஆறு ஸ்பீக்கருக்காகக் கலந்த ஒலியை டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் திணிக்கும்போது நடுவில் இருக்கும் வசனம்தான் முதலில் நசுங்கும்.

சினிமா நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்). ஸ்டிக் அதை 60 என்று டிவிக்கு அனுப்பினால் கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் தடுக்கித் தடுக்கி ஓடும். மூல வேகத்துக்கேற்ப மாறும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி விடுங்கள். டிவியில் படத்தை வழுவழுவென்று ஆக்கும் அமைப்பு ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பெரிய பட்ஜெட் படத்தையும் சீரியல் மாதிரி காட்டுவது அதுதான்.

ஐந்தாவது: மைக் வாங்கும் முன் கை தட்டுங்கள்

பேசப்போகும் அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் "டங்" என்று ஒரு வால் கேட்டால் அதுதான் உங்கள் எதிரி. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள நம் வீடுகளில் இந்த வால் நீளம். எவ்வளவு விலைக்கு மைக் வாங்கினாலும் இதை அழிக்க முடியாது. மெத்தை, தலையணை, தரைவிரிப்பு, கனமான திரை ஆகியவைதான் அழிக்கும். புடவை பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முகம் காட்டிப் பேசிப் பாருங்கள். காசில்லாத ஸ்டுடியோ அது.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தெரு. இவற்றில் எதையெல்லாம் பதிவு நேரத்தில் நிறுத்த முடியும்? ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசுவேன் என்பவர்கள் பேசட்டும். நிறுத்த முடியாதவர்களுக்காகத்தான் டைனமிக் மைக் இருக்கிறது.

ஆறாவது: மூன்று வகையில் எது

கண்டென்சர் மைக் மெல்லிய ஒலியையும் கூர்ந்து பிடிக்கும். அமைதியான, மெத்தென்ற அறையில் குரலுக்கும் வீணைக்கும் இதற்கு இணை இல்லை. மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிளில் வருபவற்றுக்கு அந்தக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் (ஃபான்டம் பவர்) கொடுக்க வேண்டும்.

டைனமிக் மைக் காது மந்தமான தாத்தா மாதிரி. பக்கத்தில் போய்ப் பேசினால்தான் கேட்கும். ஆகவே தூரத்து மின்விசிறியும் அவ்வளவாகக் கேட்காது. கச்சேரி மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்எம்58, 1966-லிருந்து அதே உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது. கீழே விழுந்தாலும் பாடும். போலிகளும் ஏராளம், விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

யூடியூப் பேட்டிகளில் எல்லோர் முன்னாலும் நிற்கும் பெரிய கறுப்பு மைக், ஷூர் எஸ்எம்7பி, அதுவும் டைனமிக்தான். அதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தரும் சிக்னல் மிகப் பலவீனம். சுமார் 60 டெசிபல் பெருக்கம் கேட்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி மலிவானதென்றால், அவ்வளவு தூரம் முறுக்கும்போது "ஸ்ஸ்" என்று இரையும். மைக் விலையோடு நல்ல இன்டர்ஃபேஸ், மைக்கைத் தாங்கும் கை என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது, சட்டையில் குத்தும் காலர் மைக். நடந்துகொண்டே, சமைத்துக்கொண்டே பேசுபவர்களுக்கு இதுதான். போயா பிஒய்-எம்1 என்ற ஆறு மீட்டர் வயர் உள்ள மைக்கில் தொடங்கிய தமிழ் சேனல்கள் எத்தனையோ. ஆனால் அது எல்லாப் பக்கமும் கேட்கும் வகை, எதிரொலிக்கும் அறையில் தடுமாறும். வயரில் போன், கேமரா என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதை மாற்ற மறந்து "மைக் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. வயர் இல்லாத காலர் மைக் வாங்கினால், மைக்கின் உள்ளேயே பதிவு செய்யும் வசதி இருப்பதைப் பாருங்கள். இடையில் சிக்னல் அறுந்தாலும் குரல் தப்பிக்கும்.

என் தேர்வு என்ன என்று கேட்டால், உட்கார்ந்து பேசும் புதியவருக்கு யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள டைனமிக் மைக். சாம்சன் கியூ2யு, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் அந்த ரகம். இன்று கணினியில் நேராகச் செருகலாம். நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக் அதிலும் வேலை செய்யும். அக்காவுக்கு உட்கார்ந்து பேசும் பகுதிக்கு இந்த ரகத்தில் ஒன்றும், அடுப்படிக்குக் காலர் மைக்கும் என்று முடித்தோம். அந்தக் கண்டென்சர் இப்போது வீணை வாசிக்கும் மருமகளிடம் இருக்கிறது.

புளூடூத் இயர்போனின் மைக்கைப் பதிவுக்கு நம்பாதீர்கள். அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு வழக்கமாக அழைப்பு முறைக்கு மாறிவிடும். குரல் டெலிபோன் குரலாகும். வயர் உள்ள மைக்கைப் போனில் செருகும்போது பின்னின் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. தவறானதைச் செருகினால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஏழாவது: நாலு விரலும் ஒரு சாணும்

மைக்கிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால், திறந்த வெளியில் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சல் குறையாது. இந்த ஒரு கணக்கு, மைக்கின் விலையைவிட முக்கியமானது. டைனமிக் என்றால் வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல்கடை, கண்டென்சர் என்றால் ஒரு சாண். மிக நெருங்கினால் குரலில் அடித்தொனி ஏறி வானொலி அறிவிப்பாளர் குரல் வரும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு மூச்சு முட்டும்.

"பாட்டி பப்பாளிப் பழம் பறித்தாள்" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பகரத்திலும் "டும்" என்று இடித்தால் மைக்குக்கு ஒரு வலைத்தடுப்பு வாங்குங்கள், அல்லது மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தோரம் சற்றுத் திருப்புங்கள். இரண்டாவது இலவசம். மைக்செட்காரர் மாதிரி ஊதியும் தட்டியும் சோதிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், பேசிச் சோதித்தாலே போதும்.

ஒலி அளவு, உரக்கப் பேசும்போது மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் ஆட வேண்டும். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் பிய்ந்துவிடும், பின்னால் ஒட்ட முடியாது. மாதிரி வேகம் (சாம்பிள் ரேட்) கேட்டால் வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ். லேப்டாப்பில் "ஊங்" என்று ஒரு முனகல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறு. பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள், எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள்.

எட்டாவது: பாட விரும்பும் வீட்டுக்கு

டிவியில் கரோக்கே போட்டு, மைக்கில் பாடி, எல்லாம் புளூடூத் ஸ்பீக்கரில் வர வேண்டும் என்று கேட்கிறார்கள். வராது. புளூடூத்தில் ஒலி சாதாரணமாக நொடியில் ஆறில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் தாமதமாக வரும். உங்கள் குரல் ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கேட்பதற்குச் சமம். தாளம் தெரிந்தவரும் தடுமாறிவிடுவார். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியாக வரும் கரோக்கே ஸ்பீக்கரை வாங்கி, டிவியிலிருந்து பாட்டை வயரில் கொடுங்கள். மைக் கீச்சிட்டால் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நில்லுங்கள், எதிரே நிற்காதீர்கள்.

ஒன்பதாவது: நேரலை

யூடியூபில் போனிலிருந்து நேரலை போக 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினியில் அந்த நிபந்தனை இல்லை, ஆனால் முதல் தடவை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை நேரலை என்றால் வெள்ளிக்கிழமையே பொத்தானை அழுத்தி வையுங்கள். மென்பொருளுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ, இலவசம். அதிலேயே இரைச்சல் குறைக்கும் வடிகட்டி இருக்கிறது. மின்விசிறியின் சீரான இரைச்சலுக்கு நன்றாக வேலை செய்யும், மிக்ஸிக்குத் திணறும். உதடும் குரலும் ஒட்டவில்லையென்றால் கேமரா முன் கை தட்டி, எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து ஒலியைத் தள்ளிவையுங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது பதிவிறக்க வேகம் அல்ல, பதிவேற்ற வேகம். 6 எம்பிபிஎஸ்-இல் அனுப்பப் போகிறீர்கள் என்றால் வேகச் சோதனையில் குறைந்தது 12 காட்ட வேண்டும். பாதியை மூச்சு விட இடமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரலையின்போது வீட்டில் யாரும் போட்டோக்களை மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓபிஎஸ்-இல் கணினியிலும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள். இணையம் அறுந்தாலும் முழு நிகழ்ச்சியும் கையில் இருக்கும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூபின் உரிமைச் சோதனை பிடித்துவிடும். பக்கத்துத் தெருக் கோயில் ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டுக்கும் உரிமைக் கோரிக்கை வரலாம், ஆடி மாதத்தில் நேரலை வைப்பவர்கள் நேரத்தைப் பார்த்து வைக்கவும்.

கடைசியாக மின்சாரம். ரௌட்டருக்கென்று உள்ளங்கையளவு குட்டி யுபிஎஸ் கிடைக்கிறது, அதை வாங்கி வையுங்கள். லேப்டாப்புக்குத் தன் பேட்டரி இருக்கிறது, யுஎஸ்பி மைக் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டர் பழைய சதுர அலை ரகமாக இருந்தால் அதில் ஓடும் மின்விசிறி ரீங்கரிக்கும், மைக் அதையும் பிடிக்கும். அந்த நேரத்தில் விசிறி சுவிட்சை அணைத்துவிடுங்கள். அக்காவின் சேனலில் குரல் மிகச் சுத்தமாக வந்த வீடியோ எது தெரியுமா? கரண்ட் போய், விசிறி நின்று, பக்கத்து வீட்டு மிக்ஸியும் வாயடைத்த ஒரு பிற்பகலில், வியர்க்க விறுவிறுக்க எடுத்த வத்தக்குழம்பு.